அணில் எங்கே இருக்கிறாள்?

என் முதுகுக்குப் பின்னால் தெரிந்த புத்தக அலமாரி பொய். அதிலிருந்த தடித்த புத்தகங்கள், குட்டி உலக உருண்டை, வாடவே வாடாத பச்சைச் செடி எல்லாமே நிறுவனம் அனுப்பிவைத்த ஒரு படம். நிஜத்தில் என் பின்னால் இருந்தது செஞ்சியில் எங்கள் வீட்டு மாடி அறையின் நீலச் சுவரும், அம்மா துணி காயப்போடும் கொடியும்தான்.

இன்ஜினியரிங் முதலாண்டு மாணவர்களுக்கு இணையத்தில் பாடம் சொல்லித் தருவது என் வேலை. கல்லூரிகள் எங்கள் நிறுவனத்தோடு பேசி வைத்திருக்கும். மெக்கானிக்ஸ் என்றாலே மிரளும் பிள்ளைகள் மாலை ஆறு மணிக்கு அவரவர் இருக்குமிடத்திலிருந்து வகுப்புக்குள் வருவார்கள். பெயர் போட வேண்டும் என்றில்லை. கூச்சப்படுகிறவர்கள் ஒரு படத்தை வைத்துக்கொண்டு உட்காரலாம். திரையில் என் பெயருக்குக் கீழே 'சென்னை' என்று இருக்கும்.

"செஞ்சின்னு போட்டா இன்னா சார் ஆயிடும்?" என்று நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரைக் கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது மேடம். ஆனா பேரண்ட்ஸ் பாக்கறாங்க இல்ல? சென்னைன்னா ஒரு இது."

அந்த 'இது' என்னவென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அலமாரியோடு அதையும் மாட்டிக்கொண்டேன்.

அந்த அலமாரிப் படத்துக்கு ஒரு குணம் உண்டு. என் முகத்தை மட்டும் விட்டுவைக்கும். பக்கத்தில் வேறு எது வந்தாலும் விழுங்கிவிடும், அல்லது பாதியை விழுங்கி மீதியைத் துப்பும். அம்மா காபி கொண்டுவருவார். கேமராவில் பட்டுவிடக் கூடாதே என்று சுவரோடு சுவராக ஒட்டி நின்று கையை மட்டும் நீட்டுவார். மாணவர்களுக்குத் தெரிந்தது என்னவென்றால், இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவிலிருந்து கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை முளைத்து, டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு மறுபடி அலமாரிக்குள் போய்விட்டது.

அதுவரை வகுப்பில் சத்தமே இருக்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும், வகுப்பு கலகலப்பாக இருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் கட்டளை. நானும் கேட்பேன். "புரிஞ்சுதா?" என்றால் அரட்டைப் பெட்டியில் வரிசையாக 'எஸ் மேம்' வரும். ஒருநாள் சந்தேகப்பட்டு, அதே குரலில், "எல்லாரும் தூங்கறீங்களா?" என்று கேட்டேன். அதற்கும் வரிசையாக 'எஸ் மேம்' வந்தது. நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் முதலில் ஒருவன் அமுக்குவான். எங்கோ தனியாக ஒரு வாட்ஸப் குழுவில் தகவல் பறக்கும். மற்றவர்களும் அதையே அமுக்குவார்கள். தப்பு என்றால் மொத்த வகுப்பும் ஒற்றுமையாகத் தப்பு.

கை வந்த பிறகுதான் பிள்ளைகளுக்கு உயிர் வந்தது. 'மேம் பின்னாடி பாருங்க', 'அலமாரியில யாரோ இருக்காங்க', 'கைக்கு வணக்கம்' என்று கொட்டியது. மறுநாள் நானே வகுப்பின் தொடக்கத்தில் ஒரு வாக்கெடுப்பு வைத்தேன். இன்று கை வருமா, வராதா? என் கேள்விகளில், யாரும் யாரையும் பார்க்காமல் தனித்தனியாக யோசித்துப் பதில் சொன்ன முதல் கேள்வி அதுதான். அதைப் பிடித்துக்கொண்டு, கை டம்ளரைத் தாங்கும்போது டம்ளர்மேல் என்னென்ன விசைகள் வேலை செய்கின்றன என்று ஆரம்பித்துவிட்டேன்.

இந்தக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் வேறு மாதிரி. அணில் படம் வைத்திருந்தாள். கேமராவைத் திறக்கவே மாட்டாள். ஆனால் கேள்வி கேட்பாள், நிஜமான கேள்வி.

"மேம், கயிறு ஏன் இழுக்க மட்டும் செய்யுது? தள்ளக் கூடாதா?" என்று ஒருநாள் எழுதினாள்.

புத்தகத்தில் ஒற்றை வரியில் தாண்டிவிடுகிற சங்கதி. நான் பதில் சொல்லவில்லை. "எல்லாரும் ஒரு கயிறோ துப்பட்டாவோ எடுங்க. பக்கத்துல இருக்கறவங்கள அதால தள்ளிப் பாருங்க" என்றேன். ஒவ்வொன்றாகக் கேமராக்கள் திறந்தன. ஒருத்தி துப்பட்டாவால் தலையணையைத் தள்ளப் பார்த்தாள். ஒருவன் கொடிக்கயிற்றால் தூங்கிக்கொண்டிருந்த அறைத் தோழனைத் தள்ளினான். கயிறு மடங்கியது, தோழன் அசையவில்லை, பிறகு எழுந்து உதைத்தான். அன்று யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அணிலின் கேமரா மட்டும் மூடியே இருந்தது.

"நீ எங்கேருந்து கிளாஸ் பாக்கறம்மா?" என்று கேட்டேன்.

"ஹாஸ்டல்லேருந்து மேம்" என்று எழுதினாள். அவள் கல்லூரி சேலத்துக்கு அந்தப் பக்கம். எனக்குச் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை.

அமாவாசை அன்று மாட்டிக்கொண்டோம், இருவரும்.

அமாவாசை என்றால் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் முழுக்க எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். சிறப்புப் பேருந்துகள் வரிசை கட்டி நிற்கும். மாலையானால் பேருந்து நிலைய மைக்கில் அறிவிப்பு நிற்காது. ஜன்னலைச் சாத்தினாலும் மைக்குக்கு ஜன்னல் ஒரு பொருட்டில்லை. அன்று அணில் முதல்முறையாகக் கேள்வியை எழுதாமல் வாய் திறந்து கேட்கிறேன் என்றாள். அனுமதித்தேன்.

"மேம், அந்த ரெண்டாவது கணக்குல..." என்று ஒரு சின்னக் குரல் தொடங்கியது.

அதே நேரத்தில் என் ஜன்னல் வழியாக மைக் முழங்கியது: "எலுமிச்சம்பழப் பைய பஸ்லயே வுட்டுட்டுப் போன பச்சைப் புடவ அம்மா, உடனே இங்க வாங்க!"

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். சென்னையில் எந்த இடத்தில் இப்படி அறிவிப்பார்கள் என்று யோசிப்பதற்குள், என் காதில் மாட்டியிருந்த ஹெட்போனிலிருந்து, அணிலின் பக்கத்திலிருந்து, கொஞ்சம் தாமதமாக அதே மைக் முழங்கியது: "எலுமிச்சம்பழப் பைய பஸ்லயே வுட்டுட்டுப் போன பச்சைப் புடவ அம்மா..."

அணில் பேச்சை நிறுத்தினாள். அவளும் என் பக்கத்திலிருந்து அதைக் கேட்டிருக்கிறாள். இருவரும் ஒரே சமயத்தில் அவரவர் மைக்கை அணைத்தோம்.

"மேம், உங்களுக்குப் பின்னாடி யாரோ எலுமிச்சம்பழம் விக்கறாங்க" என்று வேறொருவன் எழுதினான்.

"டிவி" என்று எழுதினேன்.

"எங்க மெஸ்லயும் டிவி" என்று எழுதினாள் அணில்.

அன்றிரவு சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இந்த ஊர்லயே கீறா, உங்கிட்டயே ஹாஸ்டல்னு சொல்றா. யாருடி அந்தப் பொண்ணு? கண்டுபுடி" என்றார். எனக்கும் அதே அரிப்புதான்.

மறுநாள் வகுப்புக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். உங்கள் அறையில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றியிருப்பதையெல்லாம் நீக்கிவிட்டு, அதன்மேல் விழும் விசைகளை மட்டும் அம்புக்குறிகளாக வரையுங்கள். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். ஃப்ரீ பாடி டயக்ராம் என்று பாடத்தில் வருவதுதான். யாருக்கும் சந்தேகம் வராது. 'ஜன்னல் வெளிச்சத்தில்' என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன்.

பிள்ளைகள் வாளி, மின்விசிறி, பூட்டு என்று அனுப்பினார்கள். ஒருவன் தூங்கும் தோழனையே வரைந்து, எடை கீழ்நோக்கி, கட்டில் மேல்நோக்கி என்று அம்பு போட்டிருந்தான். அணில் சுவர்க்கடிகாரம் வரைந்திருந்தாள், அழகாக. தாளின் விளிம்புக்கு வெளியே ஜன்னல் கம்பி தெரிந்தது. கம்பிகளுக்கு நடுவே ஒரு செல்போன் கோபுரம். அதன் உச்சிக்கு நேர்பின்னால் எங்கள் கோட்டை மலை, ராஜகிரி.

இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்த மலையின் தலை போதும். வரைபடத்தை விரித்து, ராஜகிரி உச்சியிலிருந்து அந்தக் கோபுரம் வழியாக ஒரு கோடு இழுத்து ஊருக்குள் நீட்டினேன். அவள் வீடு அந்தக் கோட்டின்மேல் எங்கோ இருக்கிறது. ஆனால் கோடு பல தெருக்களைத் தாண்டிப் போனது. இன்னொரு கோடு வேண்டும்.

"படம் தெளிவா இல்லை. வேற ஜன்னல்கிட்ட வெச்சு எடுத்து அனுப்பும்மா" என்று எழுதினேன்.

நல்ல பிள்ளை, அனுப்பினாள். இந்த முறை எங்கள் ஊரின் இன்னொரு கோட்டை மலையான கிருஷ்ணகிரியும் அதன் முன்னால் மாதா கோயில் கோபுரமும் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. இரண்டாவது கோட்டை இழுத்தேன். முதல் கோட்டை அது ஓர் இடத்தில் வெட்டியது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, தனியாக அறைக்குள் கை தட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கோடுகள் வெட்டிய இடத்தில் ஒரு பச்சை கேட். கதவைத் திறந்தவர் வெள்ளை பனியன் போட்ட பெரியவர்.

"சார், இங்க இன்ஜினியரிங் படிக்கிற..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமா, எம் பையன்தான். வேலைக்கே போயிட்டான். உள்ள வாங்க, உக்காருங்க" என்றார். உள்ளே பார்த்து, "டீ போடு, வரன் விசயமா வந்துகீறாங்க" என்று குரல் கொடுத்தார்.

நான் பதறிப்போய், பையன் இல்லை, பெண், முதலாண்டு என்று விளக்கியபோது அவர் முகம் வாடிவிட்டது. "அதுவா. ரெண்டு வூடு தள்ளி, மாவு விக்கிறாங்களே, அங்க" என்றார். பென்சிலைக் கொஞ்சம் கூர்மையாகச் சீவியிருக்கலாம்.

மாவு வீட்டு வாசலில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அணிலின் அம்மா என்னைப் பார்த்ததும் ஒரு பையை எடுத்தார்.

"இட்லிக்காம்மா, தோசைக்கா?"

"இட்லிக்கு" என்றேன். அவர் மாவை ஊற்றிக் கட்டும்போது, "உங்க பொண்ணு இன்ஜினியரிங் படிக்குதாமே?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஆமாம்மா. சேலத்தாண்ட. இப்ப ஸ்டடி லீவு வுட்டுகீறாங்க. வந்து ஒரு மாசமாப்போவுது." அவர் குரலில் பெருமை இருந்தது. "எந்நேரமும் போனுல கிளாசுதான். இப்பதான் யாரோ மேம் வூட்டக் கண்டுபுடிக்கப் போறேன்னு வண்டிய எடுத்துக்கினு போச்சு."

எந்தக் கல்லூரியும் தேர்வுக்கு முன் முதலாண்டுக்கு ஒரு மாதம் விடுமுறை விடாது. அதுவும் செமஸ்டரின் நடுவில். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. வாயைத் திறக்கப் போன நேரத்தில் என் போன் அடித்தது. அம்மா.

"எங்கடி கீற? உன்னத் தேடிக்கினு ஒரு பொண்ணு வந்துகீது. முறுக்கு தின்னுக்கினு இருக்குது. சீக்கிரம் வா."

மாவுப் பையோடு வீடு திரும்பினேன். கூடத்தில், மடியில் ஹெல்மெட்டோடு, ஒல்லியாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். என் கையிலிருந்த பையைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வூட்டு மாவு" என்றாள்.

"ஆமாம்."

"அப்ப யாரு மேம் மொதல்ல கண்டுபுடிச்சது? நீங்களா, நானா?"

நான் வரைபடத்தைக் காட்டினேன். ராஜகிரி, கோபுரம், கோடுகள் எல்லாம் விளக்கினேன். ஆச்சரியப்படுவாள் என்று பார்த்தால், அவள் என்மேல் இரக்கப்பட்டாள்.

"இவ்ளோ கஷ்டப்பட்டீங்களா? நான் கேபிள் அண்ணன்கிட்ட கேட்டேன் மேம். சாயங்காலம் ஆறு மணிக்கு நெட்டு போனா ஒடனே உங்களுக்குப் போன் பண்ணிக் கத்தறது யாருண்ணான்னு. யோசிக்கவே இல்ல அவரு. இந்த வூட்டத்தான் சொன்னாரு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். சிரிப்பு அங்கிருந்து கேட்டது.

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "சரி. ஸ்டடி லீவு எப்ப முடியுது?"

முறுக்கு பாதியில் நின்றது. "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. மாவுதான் வாங்கினேன்."

கொஞ்ச நேரம் ஹெல்மெட்டின் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள். கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். டிராயிங் வகுப்பில், 'இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்' என்று ஆசிரியர் கேட்டது புரியாமல் நின்றிருக்கிறாள். நிற்கும்போது யாரோ சிரித்திருக்கிறார்கள். மறுவாரமும் அப்படியே. முதல் உள்தேர்வு மதிப்பெண் ஒட்டப்பட்ட அன்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தாளாம்.

"ஆனா என் கிளாஸுக்கு ஒரு நாள் தவறாம வந்தியே?"

"உங்க கிளாஸ்ல நான் நிக்க வேணாம் மேம். யாரும் என்னப் பாக்க மாட்டாங்க. அணிலத்தான் பாப்பாங்க."

இரக்கத்தை அவளிடம் காட்டக் கூடாது என்று குரலைக் கடினமாக்கினேன். "நாளைக்குக் கெளம்பு. இல்லன்னா உங்கம்மாகிட்ட நானே வந்து சொல்லுவேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க சொன்னா நானும் சொல்லுவேன். சென்னை மேம், செஞ்சி மேம்னு. அலமாரியும் டூப்புன்னு."

கோபமே வரவில்லை. பேரம் பேச இவ்வளவு தைரியம் இருக்கிறவளா டிராயிங் பலகைக்குப் பயந்து ஓடிவந்தாள் என்றுதான் தோன்றியது. "சொல்லிக்கோ" என்றேன். அவள் நம்பவில்லை.

அன்று மாலை வகுப்பில் எல்லோரும் வந்ததும், "நான் சென்னைல இல்ல. செஞ்சில இருக்கேன்" என்று சொல்லி, அலமாரியை எடுத்துவிட்டு, கணினியை ஜன்னல் பக்கம் திருப்பினேன். மாலை வெயிலில் ராஜகிரி முழுசாகத் தெரிந்தது. உடனே ஒருவன் எழுதினான்: "மேம், இந்த பேக்ரவுண்ட் எந்த ஆப்? செம ரியலா இருக்கு."

"மேகம்கூட நகருது" என்றாள் இன்னொருத்தி.

மலை நிஜம் என்று எவ்வளவு சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்தேன். கைக்கு ஓர் உடம்பும் முகமும் இருப்பதைப் பார்த்து வகுப்பே கூச்சலிட்டது. அம்மா கேமராவுக்கு மிக அருகில் குனிந்து, "எல்லாரும் சாப்டீங்களா?" என்று கேட்டார். அதற்கு வந்த பதில்களில் ஒன்றுகூட 'எஸ் மேம்' இல்லை. என்ன சாப்பிட்டார்கள், மெஸ்ஸில் என்ன கொடுமை என்று பத்தி பத்தியாக எழுதினார்கள்.

அணிலிடமிருந்த ஒரே ஆயுதம் போய்விட்டது.

ஒருங்கிணைப்பாளர் மறுநாள் காலையில் அழைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "மேடம், அந்தக் கோட்டை தெரியற மாதிரியே தினம் உக்காருங்க. ஸ்டூடண்ட்ஸ் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டுக்கினு இருக்காங்க. அதுல ஒரு இது இருக்குது" என்றார்.

ஞாயிறு பிற்பகல் நானும் பேருந்து நிலையத்துக்குப் போனேன். மகளை வழியனுப்ப அவள் அம்மா ஒரு தூக்குச் சட்டியோடு வந்திருந்தார். திருவண்ணாமலை வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். ஒன்றுமே சொல்லாமல் போய்விடுவாள் என்று எனக்குக் கவலை. டிரைவர் வண்டியை எடுத்தார். வண்டி நகர்ந்து, எட்டிப் பிடிக்க முடியாத தூரம் போனதும், ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினாள்:

"அம்மா! ஸ்டடி லீவுன்னு ஒண்ணு கெடயவே கெடயாதும்மா! நான்தான் பயந்துக்கினு வந்துட்டேன்!"

பேருந்து வளைந்து போய்விட்டது. அவள் அம்மா என் பக்கம் திரும்பினார். "இன்னா சொல்லுது அது?"

சொன்னேன். "நேர்ல சொன்னா அடிப்பன்னு வண்டி கெளம்புற வரிக்கும் காத்துக்கினு இருந்துருக்குது பாரேன்" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிக்கவும் செய்தார்.

அன்று மாலை சந்தேகங்களுக்கான வகுப்பு. உராய்வு பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அணில் படம் மறைந்து, குலுங்குகிற ஒரு முகம் தெரிந்தது. பின்னால் பேருந்து இருக்கைகள். திருவண்ணாமலையில் சேலம் வண்டிக்கு மாறி, செங்கம் தாண்டிவிட்டதாகச் சொன்னாள். வகுப்பில் பாதிப் பேர் அவளை அன்றுதான் பார்த்தார்கள்.

"பஸ்லயா இருக்கே?" என்றான் கயிற்றால் தோழனைத் தள்ளியவன். "பிரேக் போட்டா யார் யார் எந்தப் பக்கம் சாயறாங்கன்னு பார்த்துச் சொல்லு."

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். டிரைவர் பிரேக் போட்டார். நின்றிருந்தவர்கள் முன்னால் சாய்ந்தார்கள். மேலே இருந்த ஒரு பை வழுக்கியது, பக்கத்திலிருந்த சாக்கு மூட்டை நகரவே இல்லை. ஏன் பை வழுக்கியது, மூட்டை ஏன் வழுக்கவில்லை என்று வகுப்பு சண்டை போட ஆரம்பித்தது. கண்டக்டர் குனிந்து திரையை எட்டிப் பார்த்து, "இன்னாம்மா இது, கேமா?" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"இல்லண்ணா, கிளாஸ்" என்றாள்.

"அப்ப டிரைவர்கிட்ட சொல்லவா, இன்னொரு தபா போடச் சொல்லி?"

ஊத்தங்கரைக்கு முன்னால் சிக்னல் போகும்வரை வகுப்பு பேருந்திலேயே நடந்தது. அந்த செமஸ்டரில் மெக்கானிக்ஸில் தேறிவிட்டாள். டிராயிங்கில் தேறவில்லை, அடுத்த முறை எழுதித்தான் தேறினாள். அதற்காக யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லையா என்று கேட்டேன்.

"சிரிச்சாங்க மேம்" என்றாள். "நானும் சிரிச்சேன்."